சேலை நிற்காத கல்

வெள்ளிக்கிழமை விடியலில் மஞ்சள் பூசிக் குளிக்கும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் ஓரமாக, அக்குளுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அழுத்தினேன். வலிக்கவில்லை. வலிக்காததால் அது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படி நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் எழுந்துபோய் டாக்டரைப் பாருங்கள். மிச்சத்தைப் பிறகு வந்து படிக்கலாம்.

நான் இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். கணவர் காலமாகிவிட்டார். மகள் கலா எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் வேலை செய்கிறாள். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஐயர் கிடையாது. பூசாரி என் கொழுந்தனார் ராசையா. பூசை அவர் செய்வார். அம்மனைக் குளிப்பாட்டிச் சேலை கட்டுவது மட்டும் எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை என்று தொடக்கத்திலிருந்தே ஒரு வழக்கம். மாமியாருக்குப் பிறகு அது என் கைக்கு வந்தது.

அம்மன் என்றதும் செதுக்கிய சிலையை நினைத்துவிடாதீர்கள். இடுப்பு உயரத்தில் ஒரு கல், அவ்வளவுதான். அதற்கு வெள்ளி முகம் வைத்துக் கட்டுவோம். வழுவழுப்பான கல்லில் சேலை நிற்காது. பழைய துணியை மடித்து, தோள் இருக்க வேண்டிய இடத்திலும் மார்பு இருக்க வேண்டிய இடத்திலும் வைத்துக் கட்டி, அதன்மேல்தான் சேலையைச் சுற்ற வேண்டும். வெளியே நின்று கும்பிடுகிறவர்களுக்கு ஒரு பெண் நிற்பதுபோலத் தெரியும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சேலை கட்டும்போது வாய் சும்மா இருக்காது. கலாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், கூரைத் தகரம் மாற்ற வேண்டும், என் மூட்டுவலி போக வேண்டும் என்று ஒவ்வொரு கொசுவத்துக்கும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே கட்டுவேன். அதைத்தான் பக்தி என்று நினைத்திருந்தேன்.

கட்டி பெரிதான பிறகு பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குத் தேதி கொடுத்தார்கள். அது திருவிழாவுக்குள் வந்து விழுந்தது. நான் அதற்குள் காப்புக் கட்டியிருந்தேன் (மணிக்கட்டில் மஞ்சள் துணி கட்டி விரதம் இருப்பது). காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சாமி காரியம் முடியட்டும், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அவள் வாயை அடைத்தேன். பிறகு மழை வந்தது, பாதை சரிந்தது, கொழுந்து மும்முரம் வந்தது. ஒரு சாக்குப் போனால் இன்னொரு சாக்கு தானாக வரும்.

கடைசியில் போனபோது பயாப்ஸி செய்தார்கள் (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). முடிவு வந்த அன்று டாக்டர் சிங்களத்தில் சொல்ல, தாதி தமிழில் சொன்னார். புற்றுநோய். மார்பை எடுக்க வேண்டும். அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். காப்பைப் பற்றி எப்படி விளக்குவது என்று தெரியாமல் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் ரஹீமா ராத்தா இருந்தார் (பதுளை முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்று அழைப்பார்கள்). கடைவீதியில் அவர்களுக்குத் துணிக்கடை. எனக்கு முந்தின நாள் அவருக்கும் அதே ஆபரேஷன் நடந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுவார். தொழுது முடித்ததும் கேலி பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு கவலை, இனி உடுப்பு எப்படி நிற்கும் என்பது. அதற்கு நான் இருக்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரித் துண்டை எடுத்து, அம்மனுக்கு மடிப்பதுபோல மடித்து, ஓரம் உருளாமல் உள்பக்கம் சொருகிக் காட்டினேன். எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். கோயில் கதையைச் சொன்னேன்.

மடித்த துண்டைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஒங்கட சாமிக்கும் ஒண்டும் இல்லையா?"

"கல்லுதானே ராத்தா. நாங்கதான் துணி வச்சுக் கட்டுறோம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்ததில் கண்ணில் நீர் வர வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தாதி ஓடிவந்து அதட்டினார். அந்த வார்டில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கீமோ தொடங்கியது (புற்றணுக்களைக் கொல்ல நரம்பில் ஏற்றும் மருந்து). முடி கொட்டியது. வாயெல்லாம் புண். தேத்தண்ணி இரும்பாகக் கசந்தது. கீமோ நாளில் நானும் ராத்தாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வோம். எல்லாம் முடிந்ததும் கடைக்கு வாங்க, உள்ளுக்கு வைக்க நல்ல மெல்லிசான மல் துணி தாறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை அவர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தடவையும் அப்படித்தான்.

கடையைத் தேடிப் போனேன். மகன் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். "உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றார். நான் கேட்காமலே ஒரு பார்சலை எடுத்துத் தந்தார். உம்மா வெட்டி வைக்கச் சொன்னதாம். மல் துணி. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தெமோதரை வரும்வரை அழுதேன். அவர் மடிப்பு பழகியதெல்லாம் வீணாகிவிட்டதே என்ற பைத்தியக்கார நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி இடம் கொடுத்தார், நான்தான் போகவில்லை. உடைந்து பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது என்பது வழக்கம். அப்படியென்றால் பின்னமான உடம்பு சாமியைத் தொடலாமா? லயத்தில் இரண்டொரு பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அப்படிப் பேசினார்கள். அவர்கள் பேசியது வலித்தது, ஆனால் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பேசுவதற்கு முன்பே நான் அதை எனக்குள் சொல்லி முடித்திருந்தேன். கோயில் மணி அடித்தால் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொள்வேன். குளிக்கும்போது அந்தப் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கழுவுவேன். அங்கே மஞ்சள் பூசுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த திருவிழா நெருங்கும்போது இடுப்பில் வலி தொடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். நோய் எலும்புக்குப் போயிருப்பதாக டாக்டர் சொன்னார். முழுதாகக் குணமாக்க முடியாது, மருந்தால் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று கலா கேட்டாள். சொல்ல முடியாது என்று தாதியிடம் சிங்களத்தில் சொன்னார். அதைத் தமிழில் கேட்க வேண்டிய தேவை எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை. நாங்கள் அதை வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அந்த வாரம் ராசையா வாசலில் வந்து நின்றார். நான் வராத காலத்தில் அவர் மனைவி சேலை கட்டிப் பார்த்திருக்கிறாள். தீபம் காட்டும்போது எல்லார் முன்னாலும் சேலை வழிந்து விழுந்திருக்கிறது.

"சேல நிக்க மாட்டேங்குது மதினி. நீங்க வாங்க."

"வெட்டிப் பின்னமான ஒடம்பு தம்பி. சாமியத் தொடலாமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மதினி. சேல நிக்கல. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால், அம்மன் எல்லாவற்றையும் மன்னிப்பாள் என்றோ உங்களுக்கு நல்லது நடக்கும் என்றோ ஆறுதல் சொல்லியிருந்தால், நான் போயிருக்க மாட்டேன். வேலை நின்றுகொண்டிருக்கிறது என்றார். போனேன். ஆனால் காப்பு மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. திருவிழாவுக்குள்ளே மருந்துக்குப் பதுளை போக வேண்டியிருந்தது. எல்லையைத் தாண்ட வேண்டியவள் காப்புக் கட்டக் கூடாது என்பதை அம்மனுக்கு நேரே சொல்லிவிட்டேன்.

என் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. நெறிக்கட்டி எடுத்ததில் நீர் கோத்து வீங்கியும் இருந்தது. கலா ஒரு நாள் லீவு எடுத்து வந்து, சேலையின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் குளிப்பாட்ட வேண்டும். வெள்ளி முகத்தைக் கழற்றி வைத்தேன். பழைய துணிகளை அவிழ்த்தேன். தண்ணீர் ஊற்றி, வலது கையால் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். எத்தனையோ வருடமாகத் தடவிய கல்தான். மேலிருந்து கீழே வரை கை ஓரிடத்திலும் தட்டாமல் வழுக்கி இறங்கியது. அப்போதுதான் ரஹீமா ராத்தாவின் கேள்வி எனக்குள் இறங்கியது. கையை எடுக்க முடியவில்லை. கலா, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

ஒரு பக்கம் போனதற்காக அவ்வளவு வெட்கப்பட்டிருக்கிறேன். இவளோ எந்தப் பக்கமும் இல்லாமல், நான் வைக்கும் பழந்துணியை நம்பித்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறாள். நான் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று துணி மடித்து வைத்தபோது கேட்பதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியம் இல்லை, நிஜமாகவே வரவில்லை. கொசுவத்தைக் கொசுவமாக மட்டும் எடுத்தேன். முந்தானையைச் சரியாக விட்டேன். இவ்வளவு காலம் செய்ததில் அன்றுதான் நான் அம்மனுக்கு வேலை செய்தேன் என்று நினைக்கிறேன்.

ராசையா தீபம் காட்டினார். சேலை நின்றது. பீலியடியில் பேசிய பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது, உடனே போய்விட்டது.

உங்களுக்கு நம்பிக்கை தரும்படி முடிக்கத்தான் ஆசை. ஆனால் இடுப்பு வலி குறையவில்லை. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு நான் இருப்பேனா என்று முன்பெல்லாம் மனதுக்குள் கணக்குப் போடுவேன். இப்போது அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அம்மனுக்கு எந்தச் சேலை என்று மட்டும் பார்க்கிறேன்.

மருந்துக்குப் போக வேண்டிய அன்று காலையில் குளிக்கப் போனேன். ராத்தாவின் மல் துணியில் தைத்து உள்ளுக்கு வைத்துக்கொள்வதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மஞ்சளைக் குழைத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது பக்கத்தில் தடவினேன். தையல் தழும்பைத் தாண்டிக் கை வழுக்கி இறங்கியது. கைக்குப் பழகிய இடம்தான்.

பஸ் வந்துவிடும் என்று கலா கதவைத் தட்டினாள்.

"இரு," என்றேன். "மஞ்சள் பூசிக்கிட்டு வாரேன்."