இரண்டு கை, மூன்று புள்ளி

எட்டு வயதில் எனக்குக் கணக்கில் இருந்த கர்வம் பிறகு எப்போதும் வாய்க்கவில்லை. அந்தக் கர்வத்தில்தான் அம்மாவை இருபத்திரண்டு நாள் முன்னதாகவே வரவழைக்கப் பார்த்தேன்.

பெரியம்மாவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அம்மா பங்காருப்பேட்டைக்கு ரயிலேறிப் போயிருந்தாள். சாமல்பட்டி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா கிண்டும் களி கட்டி கட்டியாக இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொடியில் கிடந்த அம்மாவின் சேலையைப் பார்த்தால்தான் அழுகை வந்துவிடும்.

ஒரு நாள் பெரியப்பா எழுதிய கார்டு வந்தது. பெண் குழந்தை, எல்லோரும் சௌக்கியம், அம்மா வர இன்னும் எத்தனை நாள் என்று அவளே கீழே போட்டிருக்கிறாள் என்று முடித்திருந்தார். எழுதத் தெரியாத அம்மா இரண்டு கைகளும் மூன்று புள்ளிகளும் வரைந்திருந்தாள். கைக்கு ஐந்து விரல், இரண்டு கைக்குப் பத்து, மூன்று சேர்த்தால் பதிமூன்று. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கார்டை வாங்கிக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டார்.

பதிமூன்றாம் நாள் காலை, "அம்மா இன்னிக்கு வருதுப்பா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றேன்.

அப்பா கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"சரி பாப்பா, போலாம்."

சவரம் செய்துகொண்டார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழியில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கினார்.

ரயில் வந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள். அப்பா முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினார். வண்டி போன பிறகு பூவை என் தலையில் வைத்துவிட்டார். வீடு வரும்வரை அழுதேன். அப்பாவுக்கும் கணக்கு தப்பிவிட்டதே என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முப்பத்தைந்தாம் நாள் அம்மா வந்தாள். பதிமூன்று என்று போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று சண்டை பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தொட்டுக் காட்டினாள். விரலுக்கு மூன்று கணு, ஒரு நுனி. ஆக, ஒரு கைக்குப் பதினாறு. தோப்பில் மாங்காய் எண்ணுவதும் இப்படித்தானாம்.

"இது அப்பாவுக்கும் தெரியாதும்மா."

"உங்கப்பாவுக்கா? கண்ணாலம் ஆன புதுசுல எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

திரும்பிப் பார்த்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டிருந்தார். தெரிந்துகொண்டே என்னை ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏன் ஓடினீர்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.