பாதி வரியில் எழுந்தவர்

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்துக்கு, மெஷினை ஓட்டும், சி மொழியில் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமைச் சரிசெய்ய விருதுநகரிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒட்ட வாரிய தலை, தடித்த கண்ணாடி. யார் கூப்பிட்டாலும் இடது கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அடிக்கும் வரியை முடித்த பிறகுதான் திரும்புவார்.

நிறுத்தச் சொல்லி சிக்னல் கொடுத்தால் எங்கள் புரோகிராம் அந்தக் கணமே செத்துவிடும். தாள் பாதி அச்சோடு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

"சிக்னல் வந்ததும் எல்லாத்தையும் அங்கனயே போட்டுடக் கூடாதுண்ணே. வந்திருக்குன்னு ஒரு குறி மட்டும் வச்சுக்கிட்டு, ஓடுற தாளை முடிச்சிட்டு நிக்கணும். அப்படித்தான் மாத்தி எழுதுறேன்" என்றார்.

அன்று மதியம் ஊருக்கு வெளியே பெரிய வெடிச்சத்தம் கேட்டது. வரியைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். அவருடைய அம்மா அந்தப் பக்கம்தான் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார். அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மாவே கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்களுக்கும் மூச்சு வந்தது. அந்தப் பெண்ணோ பையை எடுத்தார்.

"அம்மாதான் நல்லாருக்காகளே, எங்க கிளம்பிட்டீக?" என்று கேட்டேன்.

"அம்மாகூட வேலை பாக்குற ஒரு அக்காவைக் காணோமாம். அம்மா ஒத்தையாத் தேடிக்கிட்டிருக்காக."

இரண்டு நாள் கழித்து வந்து மீதியை எழுதிக் கொடுத்தார். அந்த அக்கா தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம்.

எங்களில் பலருக்கும் அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. எங்கள் ஆட்கள் பத்திரம் என்று தெரிந்ததும் நாங்கள் மெஷினுக்குத் திரும்பிவிட்டோம். அவர் ஒருவர்தான் கிளம்பிப் போனார்.