நான் ஊதாத விசில்

செம்பூரில் அந்த மேட்சைத் தொடங்க மாட்டேன் என்று நான் சொன்னதைப் பற்றி இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: "அப்புறம் யாராவது விழுந்தாங்களா?" இல்லை. யாரும் விழவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மும்பைத் தாராவிக்காரி. வாப்பாவுக்குத் தோல் பை தைக்கும் கார்கானா. கீழே தையல் மெஷின்கள், மேலே எங்கள் வீடு. பள்ளியிலும் கல்லூரியிலும் பேஸ்கட்பால் ஆடினேன். அதற்கு மேல் எந்த டீமும் என்னை எடுக்கவில்லை, உயரம் போதாதாம். கோர்ட்டை விட்டுப்போக எனக்கு மனசில்லை. ரெஃப்ரி பரீட்சை எழுதினேன், ஓட்டப் பரீட்சையில் மூச்சு வாங்கி வாங்கிப் பாஸானேன். சாம்பல் சட்டை, கறுப்பு பேன்ட், தலையில் கறுப்பு ஸ்கார்ஃப். மற்ற நாட்களில் சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓடுவேன்.

ரெஃப்ரி வேலையில் ஊதுவது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பந்தோடு ஒரு பெண் கூடையை நோக்கிப் பாய்கிறாள், இன்னொருத்தி குறுக்கே வருகிறாள், இரண்டு பேரும் மோதி விழுகிறார்கள். குறுக்கே வந்தவள் முன்னாலேயே காலை ஊன்றி நின்றிருந்தால் பாய்ந்தவள் மேல் ஃபவுல். நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தால் குறுக்கே வந்தவள் மேல் ஃபவுல். அவர்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரிகிற இடத்தில் நான் இருந்தால்தான் அது எனக்குத் தெரியும். கேலரியில் இருப்பவர்களுக்குத் தங்கள் மகள் விழுந்தது மட்டும் தெரியும். உடனே ஹிந்தியில் ஒரு திட்டு, மராத்தியில் ஒரு திட்டு என்று வந்து விழும். ஒருமுறை ஒரு அப்பா, எனக்குப் புரியாது என்ற தைரியத்தில், "இவளுக்குக் கண்ணு தெரியல, விசில மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க" என்று தமிழில் சொன்னார். "கண்ணு தெரியுது அண்ணே. நீங்க கோட்டுக்கு உள்ள நிக்கிறீங்க, பின்னாடி போங்க" என்றேன். போனார்.

செம்பூர் மேட்சுக்கு வருகிறேன். ஒரு ஹவுசிங் காலனி மைதானத்தில் பெண்களுக்கான போட்டி, அன்றைக்கு ஃபைனல். திறந்தவெளி சிமென்ட் கோர்ட். அன்று நான்தான் முதல் ரெஃப்ரி. தரை, பலகை, வளையம், பந்து எல்லாவற்றையும் பார்த்து, ஆடலாம் என்று சொல்ல வேண்டியது முதல் ரெஃப்ரியின் பொறுப்பு. என்னோடு இரண்டாவது ரெஃப்ரியாக வந்தவர் மாட்டுங்காக்காரர், பேங்கில் ஆபீசர், என்னைவிட அனுபவம் அதிகம். பதவியில் அன்றைக்கு நான் மேலே, மரியாதையில் அவர் மேலே.

சீஃப் கெஸ்ட் வருகிறார் என்பதற்காகக் கோர்ட்டுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கூடைக்குக் கீழே இருக்கிற கட்டம் முழுக்கச் சிவப்பு, கதவுக்கு அடிக்கிற மாதிரி பளபளக்கும் பெயின்ட். சாயங்காலம் தூறல் வந்தது. பெரிய மழை இல்லை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. காலனிப் பையன்கள் வைப்பரால் தண்ணீரைத் தள்ளினார்கள், பழைய பெட்ஷீட் போட்டுத் துடைத்தார்கள். பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

நான் ஷூவோடு ஓடிப்போய்ச் சிவப்புக் கட்டத்துக்குள் சட்டென்று நின்று பார்த்தேன். நிற்க முடியவில்லை. கால் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு முறை ஓடினேன், அதேதான். அந்தப் பக்கக் கூடைக்குக் கீழேயும் அதேதான். பேஸ்கட்பாலில் பெண்கள் முழு வேகத்தில் ஓடிவந்து, குதித்து, ஒற்றைக் காலில் இறங்குவதே அந்த இடத்தில்தான்.

"ஆட முடியாது. நாளைக்கு வச்சுக்கலாம், இல்லன்னா உள்ளரங்கம் எதுலயாவது இன்னைக்கே வச்சுக்கலாம்" என்று காலனி செக்ரட்டரியிடம் ஹிந்தியில் சொன்னேன்.

அவர் மேடையைக் காட்டினார். சோபா, மாலை, ஸ்பீக்கர், வெள்ளைச் சட்டையில் சீஃப் கெஸ்ட். "மேடம், தோடா அட்ஜஸ்ட் கரோ" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று. இந்த ஊரில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். ட்ரெயினில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக உட்காருகிறவர்கள் சொல்வது. ட்ரெயினில் நான் நகர்ந்து உட்காருவேன். இங்கே முடியாது என்றேன்.

இரண்டு கோச்களையும் கூப்பிட்டார். இருவரும் தங்கள் டீம் ரெடி என்றார்கள். முடியாது என்று முதலில் சொல்கிறவரின் டீம் பயந்த டீமாகிவிடும், அதனால் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. பெண்களை யாரும் கேட்கவே இல்லை. நான் கேட்டேன். ஒரு பக்கத்து கேப்டன் தன் கோச்சைப் பார்த்தாள், பிறகு "கேலேங்கே மேடம், ஆடுவோம்" என்றாள். அந்தப் பார்வைக்கு அப்புறம், ஆடவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாட்டுங்காக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "இங்க பாரும்மா, நீ சொல்றது சரிதான். ஆனா இத்தனை பேர் வந்திருக்கா. ஆரம்பிச்சுடுவோம், நெலமை மோசமானா நிறுத்திக்கலாம்."

"நெலமை மோசமாறதுன்னா என்ன சார்? ஒரு பொண்ணு முட்டி போறதா?"

"ஜாஸ்தி பேசறே" என்றார்.

"ஊத மாட்டேன் சார்" என்றேன்.

செக்ரட்டரிக்கு வழி கிடைத்துவிட்டது. மாட்டுங்காக்காரரையே நடத்தச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார், பிறகு கோர்ட்டுக்குள் போனார். மைக்கில், "ஒரு மேடத்துக்குத் தண்ணீர் என்றால் பயம்" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. நான் போகவில்லை. கோட்டுக்கு வெளியே, அந்தச் சாம்பல் சட்டையோடேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றேன். ஓடிப்போனாள் என்று ஒருவர் வாயிலும் வரக் கூடாது.

மேட்ச் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எனக்குள் ஒன்று நடந்தது. ஒருத்தி கட்டத்துக்குள் சறுக்கித் தடுமாறினாள். விழுந்துவிட்டால் நான் சொன்னது சரியென்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. அவள் பக்கத்தில் இருந்தவளைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டாள். நான் ஜெயிப்பதற்கு ஒரு பிள்ளையின் கால் எதற்கு? யா அல்லாஹ், ஒருத்தியும் விழ வேண்டாம் என்று அதற்கப்புறம் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒருத்தியும் விழவில்லை. பயந்து பயந்து, குதிக்காமல், தூரத்தில் இருந்தே பந்தை எறிந்து ஆடி முடித்தார்கள். ஃபைனல் என்று சொல்லிக்கொள்ளும்படியான ஆட்டம் இல்லை அது.

கோப்பை கொடுத்த பிறகு ஒரு அம்மா என்னிடம் வந்தார். தமிழ் அம்மாதான். "யாரும் விழலியே மேடம்? சும்மா டென்ஷன் பண்ணிட்டீங்க."

"தண்டவாளத்தைத் தாண்டுற எல்லாருமா சாகுறாங்க? அதுக்காக உங்க பொண்ணைத் தாண்டச் சொல்வீங்களா?" என்றேன். அவர் மகளின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது வாப்பாவுக்குக் கோபம். "ஏம்பிள்ள, எல்லாரும் ஒரு பக்கம் நிக்கும்போது நீ மட்டும் ஏன் தனியா நிக்கே?"

"நான் ரெஃப்ரி வாப்பா."

"ரெஃப்ரி ரெண்டு பேருன்னு சொன்னியே. அந்த ஆளு எங்க நின்னாரு?"

"வழுக்குற தரையில வாப்பா."

உம்மா அடுப்படியில் இருந்து சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வாப்பாவுக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

அந்த சீசன் முழுக்க ரெஃப்ரி சங்கத்தில் எனக்கு ஒரு மேட்சும் தரவில்லை. யார் எங்கே போக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வரும், என் பெயர் இருக்காது. காரணமும் யாரும் சொல்லவில்லை. சும்மா உட்காரவும் எனக்கு முடியவில்லை. சீத்தா கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பள்ளியில் பெண்களுக்குப் பயிற்சி மேட்ச் நடக்கும். நானே போய்க் கேட்டு அங்கே ஊதினேன். பின்னாலிருந்து திட்ட ஒரு கேலரிகூட இல்லாத கோர்ட். ஆனால் அங்கேயும் பந்தைத் தட்டாமல் மூன்று அடி எடுத்து வைத்தால் டிராவலிங்தான், அங்கேயும் ஊதினேன்.

சிலர் என்னிடம் ரகசியம் கேட்பதுபோலக் கேட்பார்கள், உங்களுக்குப் பழைய காயம் ஏதாவது உண்டா, அதனால்தானா என்று. கிடையாது. என் முட்டி இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒரு தரை வழுக்குகிறது என்று சொல்ல நான் முதலில் வழுக்கி விழுந்திருக்க வேண்டுமா?

மழைக்காலம் போன பிறகு மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே அந்த ஆபீசரைப் பார்த்தேன். டீ சாப்பிடலாம் என்றார். பாதி டீ குடித்த பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அன்னிக்கு முதல் குவார்ட்டர்ல நான் ஓடவே இல்லை, தெரியுமா? நடந்தேன். வழுக்கிடுமோன்னு."

"பாத்தேன் சார்."

"பாத்தியா?"

"அப்போ ஏன் சார் ஊதினீங்க?"

"யாராவது ஊதணுமே."

"யாருமே ஊத வேண்டாம்னுதானே சார் நான் சொன்னேன்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. டீக்குப் பிறகு அவர் வடாலா பக்கம் நடந்தார், நான் தாராவி பக்கம் நடந்தேன்.

அடுத்த சீசனில் பெண்கள் மேட்சுகளுக்குப் பெண் ரெஃப்ரிகள் போதவில்லை. மேட்ச் ஒதுக்குகிறவர் போன் செய்தார். "பழசெல்லாம் விடுங்க. இனிமே கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும், சரியா?"

"சரி இல்ல சார். தரை சரியா இருந்தா ஊதுவேன், இல்லன்னா ஊத மாட்டேன். இது தெரிஞ்சே கூப்பிடுங்க."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை சான்பாடால மேட்ச். காலையில வந்துடுங்க" என்றார்.

சான்பாடாவில் தரை நன்றாகக் காய்ந்து, சொரசொரப்பாக இருந்தது. ஓடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு பெண்ணுக்கு டிராவலிங் கொடுத்தேன். அவள் கோச் பெஞ்சிலிருந்து எழுந்து, கோர்ட்டுக்குள் ஒரு காலை வைத்து, கை தட்டிக்கொண்டே கத்தினார்: "இந்த மேடத்துக்குத் தரையை மட்டும்தான் பார்க்கத் தெரியும்!" அவருடைய பெஞ்ச் முழுக்கச் சிரித்தது.

நான் ஊதினேன். கைகளைத் தலைக்கு நேரே தூக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, உள்ளே வந்து கத்தியதற்காக அந்தக் கோச்சுக்கு டெக்னிக்கல் ஃபவுல் சைகை காட்டினேன். எதிர் டீம் பெண் ஃப்ரீ த்ரோவுக்கு வந்து நின்று, பந்தை இரண்டு முறை தட்டி, போட்டாள். உள்ளே விழுந்தது. பந்தை வாங்கி, கோட்டுக்கு வெளியிலிருந்து எறிய வேண்டியவள் கையில் கொடுத்துவிட்டு நான் என் இடத்துக்கு ஓடினேன்.