அடுப்பைத் தொடாத காலை

காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கி அரை நாள் ஆகியிருந்தது. ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்த காலம். என் பெயரையும் வெட்டிவிட்டார்கள். குளுவாங்கில் தண்டவாளத்துக்குக் கல் கொட்டும் வேலை இருப்பதாக யாரோ சொன்னதை நம்பிப் போய்க்கொண்டிருந்தேன். தோளில் ஒரு மூட்டை, காலில் ஒன்றுமில்லை.

மழை பிடித்துக்கொண்டபோது சாலையோரத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு தெரிந்தது. வாசல் தூணிலிருந்து கிணறு வரை கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கிணற்றிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு இன்னொன்று. கொடி என்றால் அதில் ஒரு துணிகூட இல்லை. எதற்காக இருக்கும் என்று மழையிலேயே நின்று யோசித்தேன். அப்போது ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்தபடி வாளியோடு வந்தார். கயிற்றில் முடிச்சு தட்டுப்பட்ட இடத்தில் நின்றார்.

"யாரு அங்க? மனுசனா, மாடா?"

"மனுசன்தாங்க."

"அப்படின்னா உள்ள வா. மாடா இருந்தா பிடிச்சுக் கட்டியிருப்பேன்."

அவர் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் காடு வெட்டிக் கன்று நட்டவர். மனைவி போன பிறகு தோட்டத்து எல்லைக்கு வெளியே இந்த வீட்டில் தனியாக இருந்தார். மகன் ஒரு மைல் தள்ளி, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில், ஒரே அறையில் ஏழு பேரோடு. தனக்கு அங்கே இடமில்லை என்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

"வயசானவங்கள பொறந்த ஊருக்குச் சும்மாவே கப்பல்ல அனுப்புறாங்களாம்," என்றார். "என்னால தனியா முடியலேன்னு தெரியுற அன்னிக்கு மகன் ஏத்தி விட்டுடுவான். அங்க யாரு இருக்கா? நான் வர்றப்ப அக்கா மகன் ஒருத்தன் தொட்டில்ல கெடந்தான். அவனப் போய் நான்தான் உன் மாமன்னு எழுப்பணும்."

அவரே கேட்டதால் கிணற்றில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பழஞ்சோற்றைப் பகிர்ந்து தின்றோம். பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். எத்தனை தோட்டம் பார்த்திருக்கிறேன், எந்தத் தோட்டத்து மண் சிவப்பு, சிங்கப்பூரில் மாட்டு வண்டி இன்னும் ஓடுகிறதா. இப்படிக் கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு பதிலையும் மறுபடி தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆள் கிடைத்து நாளாகிவிட்டது போல. நான் தூங்கிய பிறகும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைவு.

விடிந்தபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு சாம்பலாகக் கிடந்தது. பக்கத்திலேயே காய்ந்த விறகு. மூட்ட எனக்குத் தெரியும். ஆனால் நான் என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாத வீட்டில் அடுப்பைத் தொடக்கூடாது. ஒரு தோட்டத்தில் அதற்காகக் காதோடு சேர்த்து அறை வாங்கியிருக்கிறேன். அந்தக் காது இன்றும் கொஞ்சம் மந்தம். அதனால் வாசலில் உட்கார்ந்து அவர் எழுவதற்காகக் காத்திருந்தேன்.

ரப்பர் பால் எடுக்கும் வாளியோடு சாலையில் ஒரு பெண் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கூரைக்கு மேலே பார்த்தாள். வாளியைக் கீழே போட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். கூரையில் என்ன இருக்கிறது என்று நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சற்று நேரத்தில் பால்வெட்டுக் கத்தியோடு ஒரு ஆள் ஓடி வந்தான். பின்னால் அவள்.

"யாருய்யா நீ? எங்கப்பாவ என்ன செஞ்ச?"

உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. "தூங்கவிட்டான். வேற ஒண்ணும் செய்யல."

தினமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் வழியில் அடுப்புப் புகை எழுகிறதா என்று மருமகள் பார்ப்பாளாம். புகை வந்தால் மாமனார் நன்றாக இருக்கிறார் என்று கணக்கு. அன்றுதான் முதல் முறையாக வரவில்லை.

"முடியலேன்னா ஒத்துக்கப்பா," என்றான் மகன். "அடுத்த கப்பலுக்குப் பேர் குடுத்துர்றேன்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீ முழிச்சுத்தான இருந்த? மூட்டினா கை வெந்துடுமா?"

"நான் என்ன ஆளுன்னு நீங்க கேக்கலிங்க."

மகன் கேட்டான். சொன்னேன். அவன் முகம் மாறியது. "லயத்துல பேசுவாங்கப்பா."

"பேசுறவங்கள விடிகாலையில வந்து என்னை எழுப்பச் சொல்லு. நேத்து இவன் மொண்ட தண்ணியத்தான் குடிச்சேன், சாகல. போப்பா, அடுப்ப மூட்டு."

மகன் மனைவியைப் பார்த்தான். மருமகள்தான் பேசினாள். "இவரு இங்கேயே இருக்கட்டுங்க. தினம் கூரையப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. வெயிலு ஏறினா பால் நின்னுடும், வாங்க."

"எத்தன நாளு இருப்ப?" என்று மகன் கேட்டான்.

ஓர் இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. தெரியாது என்றேன். பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போறதுன்னா பத்து நாளைக்கு முன்னயே சொல்லிடு," என்றார் பெரியவர். "வேற ஆளத் தேடிக்குவேன். எனக்குச் சமைக்க ஆளு வேணாம். பேசுனா பதில் சொல்லணும், தூங்கிட்டா எழுப்பணும். அவ்வளவுதான் வேல."

இப்படி ஒரு வேலை இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சரி என்றேன். மகன் போகும்போது, அப்பாவுக்கு இடது பக்கத்திலிருந்து கஞ்சி கொடுத்தால் கொட்டிவிடுவார், வலது பக்கமாகக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனான்.