மணி அடித்தால் மைக்கை அணைக்க வேண்டும்

நகர மன்றக் கூடத்தின் பின்சுவரை ஒட்டிக் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. மைக்காரரின் இடம் அதுதான். பெரிய மனிதர்கள் வாய் கிழியப் பேசுவார்கள். இவர் பித்தானைத் தட்டினால்தான் அந்தப் பேச்சு பக்கத்து நாற்காலியைத் தாண்டும். தலைவர் கூப்பிடுகிறவரின் மைக்கைத் திறக்க வேண்டும், மணி அடித்தால் அணைக்க வேண்டும். உறுப்பினர்கள் மணிக்குப் பிறகும் இழுத்தால் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். பொதுமக்களுக்கு அந்தச் சலுகை எல்லாம் கிடையாது. எழுதாத சட்டம், ஆனால் மீறினால் வேலைக்கு வேட்டு.

அன்றைக்குக் கூடத்துக்கு வந்தது மைக்காரரின் வீட்டு விஷயம். வருமானம் போய் வாடகை பாக்கி வைத்தவர்களை வெளியேற்றக் கூடாது என்று கெட்ட காலத்தில் ஒரு பாதுகாப்பு விதி போட்டிருந்தார்கள். காலம் சரியாகிவிட்டது, இனி எதற்கு என்று இப்போது அதை எடுக்கப் பார்த்தார்கள். யாருக்குச் சரியாகிவிட்டதாம்? அவர் மனைவி வேலை பார்த்த தையல் கம்பெனி மூடியது மூடியதுதான். அவர் ஒருத்தர் சம்பளம் வாடகையில் பாதிக்குத்தான் எட்டியது. வீட்டு ஓனர் மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "விதி போகட்டும், பாத்துக்கறேன்" என்று சிரிப்பார். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

பொதுமக்களும் பேசலாம் என்றதும் மனைவி பெயர் கொடுத்துவிட்டாள்.

"உனக்கெதுக்கு இந்த வம்பு? என் வேலைக்கு உலை வெச்சுடாத" என்றார் மைக்காரர், காலையில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே.

"வீடு போனா வேலைய எங்க வெச்சுக் கும்பிடறதாம்? நீங்க என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க, போதும்."

அவள் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழே போகிற காய்கறி வண்டியை மூன்றாம் மாடியிலிருந்தே நிறுத்திவிடுவாள். "உனக்கு மட்டும் நான் தேவையே இல்ல" என்று அவரே கிண்டல் பண்ணுவார்.

கூட்டம் தொடங்கியது. வீட்டு ஓனர்கள் சங்கத்துக்காரர் கடனையும் வரியையும் சொல்லிப் புலம்பினார். அதிலும் பொய்யில்லை, பாவம். அடுத்து மனைவியைக் கூப்பிட்டார்கள். மைக்காரரின் விரல் மைக்கைத் திறந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் உக்காந்து சாப்பிடற ஆளில்லீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து தைச்ச கை இது. கம்பெனிய மூடினது நானில்ல. வாடகையே தரமாட்டோம்னு சொல்லல, கொஞ்சம் அவகாசம் கேக்கறோம். எங்களத் தெருவுல நிறுத்தினா எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல எந்த விலாசத்தைச் சொல்லுவா? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன். இந்தக் கூடத்துலயே..."

மணி அடித்தது. மைக் அணைந்தது.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பித்தானைத் தட்டிப் பழகிய விரலும் அப்படித்தான். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன் என்று மைக்காரர் பதறியபோது, அவள் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்றாம் மாடிக் குரல்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பிறகு வாக்கெடுப்பு. அவர்கள் தெரு உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது இவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்களை யாரு அசைக்கறாங்கன்னு பாத்துடுவோம்" என்று மார்தட்டியவர். மைக்காரர் அவசரமாக மைக்கைத் திறந்தார். காலி நாற்காலி. ஐயா போன் பேச வெளியே போனவர் போனவர்தான், திரும்பவே இல்லை. அந்த ஒரு ஓட்டு இல்லாமல்தான் விதி செத்தது. இந்த மாசத்தோடு சரி என்று தலைவர் அறிவித்தது கூடமெங்கும் துல்லியமாகக் கேட்டது.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவர்தான் கேட்டார்.

"என்ன சொல்ல வந்த?"

"இந்தக் கூடத்துலயே, நீங்க பேசறதயெல்லாம் ஊருக்குக் கேக்க வெக்கிற மனுஷன் ஒருத்தர் இருக்கார், அவரு குடும்பமும்தான் தெருவுக்கு வரப்போகுதுன்னு சொல்ல வந்தேன்."

"மைக் போனா என்ன, உன் குரலுக்கு..."

"நீங்கதான வேணாம்னு அணைச்சீங்க?"

"இல்லம்மா! சத்தியமா இல்ல. மணி அடிச்சுது, கை தானா போயிடுச்சு."

அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. விதி போனதைவிட அதுதான் அவரை அதிகம் அறுத்தது.

கட்டடத்துக்கு வந்தபோது மாடிப்படியில் வீட்டு ஓனர் நின்றிருந்தார். செய்தி இவர்களுக்கு முன்னாலேயே அவரிடம் வந்துவிட்டது. "என்ன சார், சாமானெல்லாம் எப்ப எடுக்கறீங்க?" என்றார், அதே சிரிப்போடு.

மனைவி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு, கூடத்தில் பார்த்த மாதிரியே மைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஓரமாக ஒதுங்கி அவளுக்குப் படியில் வழிவிட்டார்.

"பேசு" என்றார். "மூணு மாடிக்கும் கேக்கட்டும்."