பத்தொன்பது பூஜ்யங்கள்

குளத்தூரில் தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவு எழுதுவது குமாஸ்தா தாணுலிங்கத்தின் வேலை. பதினோரு வருடம் காய்ச்சலில்கூடத் தவறவில்லை. இந்தியா முழுக்க இப்படிச் சேரும் கணக்கை வைத்துத்தான் சர்க்கார் மழையை முன்கூட்டியே சொல்லும்.

கொல்லம் ஆண்டு 1093இல், அதாவது 1918இல், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் என்று சர்க்கார் சொன்னது. வயல் வெடித்தது. அவர் வரிசையாகப் பத்தொன்பது பூஜ்யம் எழுதினார்.

மேலதிகாரி தாளை விட்டெறிந்தார். "சர்க்கார் சொன்னது பொய்யாகுமோ? வீட்டில கிடந்து பூஜ்யம் போடுதீரு. திருத்தி எழுதும் ஓய்!"

ஜன்னலைத் திறந்தாலே தெரியும் வானத்தை அந்த ஆள் பார்க்கவே இல்லை.

தாணுலிங்கம் போய் மழைமானியையே பிடுங்கி வந்து மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

"மழையை நீங்க ஊத்துங்க. நான் அளந்து எழுதித் தாறேன்."