நூல் கடித்த பல்

என் மனைவி யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். வாயைப் பார்த்துத்தான் பேசுவாள். எதிரில் இருப்பவர் சொந்தக் கதை, சோகக் கதை எல்லாம் கொட்டிக்கொண்டிருப்பார். இவள் அவருடைய கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துவிட்டுச் சும்மாவாவது இருப்பாளா, அதுவும் கிடையாது. என் அண்ணி ஒருமுறை வீட்டுக்கு வந்து உலகத்துப் பேச்செல்லாம் பேசிவிட்டுப் போனார். அவரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவள், "உங்க அண்ணி ஒரு பக்கமாவே மெல்லுறாங்க. வலது பக்கம் வலி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாம மறைக்கிறாங்க" என்றாள். நான் சிரித்தேன். அடுத்த வாரமே அண்ணி கன்னம் வீங்கிப் படுத்துவிட்டார்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் ஏதோ ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், இவள் நடுவில், "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்டாள். எந்த மனுஷனுக்குக் கோபம் வராது?

"உன்னைக் கட்டிக்கிட்ட பிறகுதான் கடிக்கிறேன்" என்றேன்.

"இல்லீங்க, இது பல வருஷத் தேய்மானம்" என்றாள், கொஞ்சமும் அசராமல்.

அவள் தொழில் அப்படி. பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் நம் வாயில் அச்செடுத்து அனுப்புவார் இல்லையா, அந்த அச்சை வைத்துப் பல் செட்டும், உடைந்த பல்லுக்கு மேலே மாட்டும் கேப்பும் செய்து தருகிற ஆள். அப்படி ஒரு ஆள் இருப்பதே பலருக்குத் தெரியாது. பல்லை டாக்டர்தான் எங்கிருந்தோ வாங்கி வந்து வைக்கிறார் என்று, இவளைக் கட்டிக்கொள்ளும்வரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் வேலை செய்தது ஒரு சின்ன கிளினிக்கின் பின்னறையில். டாக்டர் உட்காரும் இடத்துக்கும் இவள் மேஜைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. யார் வந்தாலும் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கி ஆளைப் பார்த்துவிடுவாள். யாருடைய வாயில் தன் பல் போகப்போகிறது என்று தெரியாவிட்டால் இவளுக்குக் கை ஓடாது.

வெளிநாட்டு வேலை எங்கள் வீட்டில் யாருடைய கனவும் இல்லை. போனில் எதையோ தேடும்போது கண்ணில் பட்டதாம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதிப் போட்டுவிட்டாள். ஒரு நாள் வந்து, "ஏங்க, நாளைக்கு வீடியோவுல தேர்வு. போனைப் பிடிச்சுக்க ஆள் வேணும்" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையைக் காட்டுங்கள் என்றார்கள். ஒரு மெழுகுக் கட்டியைச் செதுக்கி அவர்கள் கேட்கிற பல்லைச் செய்ய வேண்டும். அவள் செதுக்கி முடிப்பதற்குள் போனைப் பிடித்த என் தோள் கழன்றே விட்டது. கடைசியில் அவள் உள்ளங்கையில் ஒரு கடைவாய்ப் பல் இருந்தது, மேடும் பள்ளமுமாக. யார் வாயிலிருந்தோ இப்போதுதான் பிடுங்கியது போல இருந்தது, எனக்கே கொஞ்சம் குமட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எப்ப வர முடியும்?" என்று கேட்டது.

நான் பஸ் டிக்கெட் புக்கிங் ஆபீஸில் வேலையாக இருந்தேன். அதை விட்டேன். "பொண்டாட்டி பின்னாடியே பொட்டியைத் தூக்கிட்டுப் போறியாடா?" என்று அண்ணன் கேட்டார். "ஆமாண்ணே, பொட்டி கனமா இருக்கு, அவளால தூக்க முடியாது" என்றேன். வேறு என்ன சொல்வது?

முதல் நாட்டில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. பல்லுக்கும் நாட்டுக்கு நாடு ருசி வேறு. அங்கே எல்லோருக்கும் வெள்ளை வெளேரென்று, ஒரே அளவில், குளியலறைச் சுவரில் ஓடு பதித்த மாதிரி பல் வேண்டும். எழுபது வயதுக்காரருக்கும் அதே பல், இருபது வயதுப் பெண்ணுக்கும் அதே பல். இவள் கேட்ட மாதிரி செய்து கொடுத்தாள், வீட்டுக்கு வந்து புலம்பினாள். பிறகு அவள் வேலை பார்த்த லேபில் பல் செதுக்க ஒரு மெஷின் வாங்கினார்கள். ஓடு பதிக்கிற வேலையை மெஷின் இவளைவிடச் சுத்தமாகச் செய்தது. அவளுக்கு நிலைமை புரிந்தது. யாரும் போகச் சொல்வதற்கு முன்பே, கையால் செய்கிற பல் எந்த நாட்டில் கேட்கிறார்கள் என்று தேடித் தேடி எழுதினாள். அப்படி வந்ததுதான் இரண்டாவது நாடு.

இங்கே ஆறு மாதம் சோதனைக் காலம். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாவது ஆள் எங்கள் பாப்பா. அதற்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். இந்தப் பள்ளியில்தான் முதல்முறையாக ஒரு தோழி கிடைத்து, அவள் வீட்டுக்குப் போய் வரும் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். "இன்னொரு ஸ்கூலுன்னா நான் வரமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது என் மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

லேப் ஒரு நீளமான அறை. மேஜைக்கு ஒரு விளக்கு, தூசியை இழுக்க ஒரு குழாய். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். டாக்டர்கள் எடுத்த பல் அச்சுகள் சின்னப் பெட்டிகளில் கூரியரில் வந்து இறங்கும். பெட்டியில் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். பல் யாருக்கு என்று கேட்கக்கூடாது, பார்க்கப் போகக்கூடாது. அதுதான் விதி. மேலதிகாரி ஒரு அம்மாள். ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருப்பார், அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பேர் இரட்டைக் கண்ணாடி. முதல் நாளே அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "கட்டின பல்லுன்னு யாருக்கும் தெரியக்கூடாது. அவங்க பல்லு மாதிரியே இருக்கணும்."

இவளுக்கு அது போதாதா? திரை இல்லாத குறையை அச்சை வைத்தே தீர்த்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். "இன்னைக்கு ஒருத்தர், வாயில ஆணியை வெச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவர். தச்சராத்தான் இருக்கணும்" என்பாள். "ஒரு அம்மா, பேனாவைக் கடிக்கிறாங்க" என்பாள். பாப்பாவும் சேர்ந்துகொண்டு, அந்த அம்மா டீச்சரா, கணக்கு எழுதுகிறவரா என்று சண்டை போடுவாள்.

"இதெல்லாம் சரியான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"தெரியாதுங்க. ஒருத்தரையாவது நேர்ல பார்த்தா தேவலை" என்றாள். ஆசையாகச் சொன்னாள்.

ஐந்தாவது மாதம் அந்த இரண்டு முன்பல் கேஸ் வந்தது. மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டும் உடைந்துபோனவர். உடைந்த துண்டுகளையும் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் போல. டாக்டர் அவற்றைப் பொருத்தி, பழைய பல் எப்படி இருந்தது என்று ஒரு அச்சும், கேப் மாட்டப் பல்லை ராவிய பிறகு ஒரு அச்சும் எடுத்து அனுப்பியிருந்தார். பழைய அச்சில் ஒரு முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம். நேர் கீழே, கீழ்ப்பல்லிலும் அதற்கு ஜோடியாக ஒரு பள்ளம். இவள் பார்த்தவுடன் பிடித்துவிட்டாள்.

"தையல்காரருங்க. காலம் பூரா நூலைக் கடிச்சே அறுத்திருக்கார். அந்தப் பள்ளத்துல நூல் போய் உக்காரும்" என்றாள் வீட்டுக்கு வந்து. கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. "அது இல்லாமப் பல்லு வெச்சா அவருக்கு நூல் நழுவும். தொழிலே தடுமாறும்."

அப்புறம் என்ன, உட்கார்ந்து உட்கார்ந்து, பீங்கான் கேப்பில் அந்தப் பள்ளத்தையும் அப்படியே வைத்துச் செய்து அனுப்பிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பெட்டி போன வேகத்தில் திரும்பி வந்தது. நுனியில் பள்ளத்தோடு உடைந்த பல்லை அனுப்பியிருக்கிறீர்கள் என்று டாக்டரின் கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கோபம் நோயாளிக்கு. இதைச் செய்த ஆளைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளினிக்கில் நின்றாராம். இரட்டைக் கண்ணாடி இவளைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை கிளினிக்குக்கு வாங்க. நானும் வரேன். சோதனைக் காலத்தைப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், "பள்ளம் இருந்தா உனக்கென்ன, மேடு இருந்தா உனக்கென்ன? ஊரார் பல்லுல நீ எதுக்கு மூக்கை நுழைக்கிற?" என்று கத்தினேன். பாப்பாவிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

கிளினிக்கில் கதவு கண்ணாடிக் கதவு. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு முழுக்க மூடவில்லை, நான் மூடவும் இல்லை. உள்ளே உயரமாக ஒரு பெரியவர், மடிப்புக் கலையாத சட்டை, வாய்க்கு நேரே கையை வைத்துக்கொண்டு பேசினார். பக்கத்தில் அவருடைய மகள்.

"இதைச் செஞ்சது யாரு?" என்றார்.

"நான்தாங்க" என்றாள் என் மனைவி.

"நான் தையல்காரன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. உங்க பல்லைப் பார்த்தேன், தெரிஞ்சுது."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரட்டைக் கண்ணாடி ஒரு கண்ணாடியைக் கழற்றினார். அட, சரியாகச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஒரு நிமிஷம் தலை கால் புரியாத சந்தோஷம்.

"சின்ன வயசுல கடையில வேலைக்குச் சேர்ந்தேன்" என்றார் பெரியவர். கை இன்னும் வாயை விட்டு இறங்கவில்லை. "கத்தரிக்கோல் முதலாளி ஒருத்தர்கிட்டத்தான் இருக்கும். எங்களுக்குப் பல்லுதான். பல்லு தேஞ்சு போச்சு. அப்புறம் நான் வாயைத் திறந்து சிரிச்சதே இல்லை. கல்யாண போட்டோவுல பாருங்க, யாரோ செத்த மாதிரி நிக்கிறேன். போன மாசம் படியில விழுந்து பல்லு உடைஞ்சப்ப இவ அழுதா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன். நீங்க அதையே பீங்கான்ல செஞ்சு அனுப்பியிருக்கீங்க." என் மனைவியைப் பார்த்தார். "நான் சொந்தமா கத்தரிக்கோல் வாங்கி ரொம்ப காலம் ஆச்சும்மா."

என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. இவள் ஏதாவது சமாதானம் சொல்வாள், உங்கள் பல் மாதிரியே இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள் என்று இரட்டைக் கண்ணாடி தலையில் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

"தப்பு என்னோடதுங்க" என்றாள். "நீங்க நூல் கடிச்சது தெரிஞ்சுது. அது உங்களுக்குப் பிடிக்குமான்னு யோசிக்கல. இப்பக் கேக்குறேன். உங்களுக்கு எப்படி வேணும்?"

அப்படி யாரும் பெரியவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. மகளைப் பார்த்தார். மகளும் கையை விரித்தாள். இவள் கைப்பையைத் திறந்து மெழுகையும் கத்தியையும் எடுத்தாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இரட்டைக் கண்ணாடி கையமர்த்தினார். இவள் அங்கேயே உட்கார்ந்து இரண்டு பல்லைச் செதுக்கினாள், டாக்டர் அதை வாயில் பொருத்திக் கண்ணாடியைக் காட்டினார். "கொஞ்சம் நீளமோ?" என்றார் பெரியவர். குறைத்தாள். "இந்த ஓரம் கூரா இருக்கு." மழுக்கினாள். எத்தனை தடவை என்று கணக்கில்லை. நான் வெளியே காபி குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் முடியவில்லை. ஜவுளி எடுக்க வந்தவர் மாதிரி அவர் ஒவ்வொன்றாகக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார், இவளும் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். எப்போது அந்தக் கை வாயை விட்டு இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. மகள்தான் முதலில் கவனித்தாள். "எங்க அப்பா சிரிச்சா இந்தப் பக்கம் குழி விழும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டி, உடனே அழுதுவிட்டாள். அந்த மெழுகுப் பல்லோடேயே அவரை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள்.

கிளம்பும்போது இரட்டைக் கண்ணாடி டாக்டரிடம், "இனிமே முன்பல் கேஸுன்னா முன்கூட்டியே சொல்லுங்க. இவங்க வந்து ஆளைப் பார்த்துட்டுத்தான் செய்வாங்க" என்றார். பிறகு இவளிடம் திரும்பி, "திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கான பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுங்க. இனி கேக்காம எதுவும் செய்யாதீங்க" என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இவள் தேம்பித் தேம்பி அழுதாள். சுற்றி இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

"வேலைதான் நிலைச்சிடுச்சே, பாப்பா ஸ்கூல் மாற வேண்டாம். இன்னும் எதுக்கு அழற? அந்த மனுஷன் திட்டினதுக்கா?" என்றேன்.

"இல்லீங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா, இத்தனை நாட்டுல, எத்தனை பேர் வாயில என் பல்லு இருக்கு. ஒருத்தராவது, 'இதைச் செஞ்சது யாரு'ன்னு கேட்டிருப்பாங்களா? இவர்தாங்க முதல்ல கேட்டார்."

"சண்டை போடத்தானேம்மா கேட்டார்."

"சண்டை போடத்தான். இருந்தாலும் கேட்டாருல்ல."